கலோப் எழுந்திருக்கக் கூடாது

— அந்தப் பொட்டிமேல கைய வெக்காதீங்க மதினி.

— தூசி தட்டுறேன் தம்பி. அக்கார்டியன் பொட்டியில இப்பிடியா தூசி படிய விடுவாங்க? உங்கப்பா பாத்தா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து அடிப்பாரு.

— கொக்கி டக்குன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் போதும், கலோப் கூண்டுக்குள்ளயே துள்ளும்.

— துள்ளினா என்னவாம்?

— மிருக ஆஸ்பத்திரியில இருபது வருஷமா நாயப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவங்க கேக்குற கேள்வியா இது? இடுப்புச் சதையில மூணு ஊசி போட்டிருக்கு, ஆர்சனிக் மருந்து. நெஞ்சுக்குள்ள சேமியா மாதிரி கெடந்த புழுவெல்லாம் இப்பத்தான் சாவுது. ஓடினா செத்த புழு நுரையீரல்ல போயி அடைச்சுக்கும். கடைசி ஊசி போட்டு இன்னிக்குப் பதினாறு நாள். இன்னும் நாலு வாரம் அது எந்திரிச்சு ஓடக் கூடாது. டாக்டரம்மா உங்க முன்னாலதான சொன்னாங்க?

— ஓட்டம்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வெச்சா என் தங்கச்சி ஸேலியா. அந்த நாய்க்குப் படுத்தே கெடக்கணும்னு விதி பாரு.

— விதி இல்ல மதினி, நான். மாசம் ஒண்ணாந்தேதியானா ஸேலியாதான் தொத்திறைச்சித் துண்டுக்குள்ள புழு மாத்திரைய ஒளிச்சு வெச்சு ஊட்டுவா. போன வருஷம் மார்டி கிரா திருவிழா முடிஞ்ச மறுவாரம் அவ போய்ச் சேந்தா. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணாந்தேதியே வரல. இந்த லூசியானாக் கொசு சும்மா விடுமா? கடிச்சுப் புழுவ ஏத்திருச்சு.

— சரி சரி, அதையே சொல்லிச் சொல்லி மருகாத. பொழச்சுக்கும். எங்கப்பா வேட்டை நாய்க்கு இதே ஊசி போட்டது ஞாபகம் இருக்கா உனக்கு?

— இல்லாம? நான்தான காலப் புடிச்சேன். அப்ப நரம்புல போடணும். ஒரு சொட்டு வெளிய சிந்தி, முன்னங்கால் சதையே அழுகிப்போச்சு. நான் அழுதேன், ஸேலியா என்னப் பாத்துச் சிரிச்சா. ஏழு வயசு அவளுக்கு.

— இப்ப மருந்து எவ்வளவோ தேவலை. சரி, நான் வந்த விஷயத்துக்கு வரேன். சனிக்கிழமை மார்செலுக்குக் கல்யாணம்.

— தெரியும். பத்திரிகை வந்துச்சு.

— பத்திரிகை பாத்துட்டு உக்காந்திருந்தா ஆச்சா? சித்தப்பா வாசிக்காம முதல் ஆட்டம் ஆட மாட்டேங்குறா. ஒரு வால்ஸ் பாட்டு கேக்குறா, ஒண்ணே ஒண்ணு. என் கடைசி மக தம்பி, எனக்கு இனிமே கல்யாணம் பண்ண ஆளு கெடையாது.

— உங்க வீட்டு முத்தத்துலதான கல்யாணம்? நடுவுல ஒரு வாய்க்கால்தான் இருக்கு. சத்தம் நேரா இங்க வரும்.

— சர்ச் பாயிண்ட் ஊர்லேர்ந்து ஒருத்தன் ஸ்பீக்கரோட வந்து ராத்திரி வரைக்கும் வாசிக்கப் போறான். அது மட்டும் வராதாக்கும்?

— அவன் வாசிப்புக்கெல்லாம் அது எந்திரிக்காது. என் வாசிப்புக்குத்தான் எந்திரிக்கும். நீங்க பாத்ததில்லையா?

— பாக்காம என்ன. சனிக்கிழமையானா இந்தக் கூடத்து மேசை நாற்காலியெல்லாம் வெளிய போயிரும். அடுப்புல கம்போ சூப்பு கொதிக்கும். பின் ரூம் கட்டில்ல கோட்டுக் குவியலுக்கு நடுவுல மார்செல் தூங்குவா, ஆறு மாசக் குழந்தை.

— உங்க வீட்டுக்காரரு வைக்கோல் வாரிப் பல்ல வளைச்சு ஒரு முக்கோணத் தாளக்கம்பி செஞ்சாரே. தாளம் தப்பாமத் தட்டுறேன்னு தட்டித் தட்டி, ஒருநாளும் தாளம் வந்ததில்ல.

— அந்த மனுஷனச் சொல்லாத, பாவம். ஆசையாத் தட்டுவாரு.

— அப்புறம் ஸேலியா செருப்பக் கழட்டி மூலையில எறிவா. குதிகால பலகையில ஓங்கி ஓங்கி மிதிப்பா. கலோப் வந்ததுக்கப்புறம் அதுவும் சேந்துக்கிச்சு. எங்க கெடந்தாலும் ஓடி வந்து, முன்னங்காலத் தூக்கி அவ இடுப்புல வெச்சுக்கிட்டு ஆடும். அந்த மாதிரி சனிக்கிழமை இனிமே வராது மதினி.

— தம்பி, ஒரு சத்தியத்த மீறப் போறேன். ஸேலியா என்ன மன்னிக்கட்டும். மக கல்யாணம், வேற வழி தெரியல.

— என்ன சத்தியம்?

— கலோப்புக்குக் காது கேக்காது. மூணு வருஷமாச்சு. ஸேலியா கூட்டிட்டு வந்தா, டாக்டரம்மா சோதிச்சுப் பாத்தாங்க, நான்தான் புடிச்சிருந்தேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. "என் வாசிப்புக்குத்தான் நாய் ஆடுதுன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டுத் திரியுறாரு. அதக் கெடுக்க வேண்டாம்க்கா"ன்னு சொன்னா.

— ஸேலியாவா அப்பிடிச் சொன்னா?

— அது உன் பாட்டுக்கு எந்திரிக்கல தம்பி. அவ மிதிக்கிற மிதிக்குப் பலகை அதிரும்ல, அது வயித்துல தெரிஞ்சு எந்திரிச்சுது. அதனால பயப்படாம வாசி. கூண்டுப் பக்கத்துலயே உக்காந்து வாசிச்சாலும் அது அசையாது. என்ன, கோவமா?

— எனக்குத் தெரியும் மதினி.

— என்ன தெரியும்?

— அதுக்குக் காது கேக்காதுன்னு. துப்பாக்கியால வாத்து சுடும்போது பக்கத்துல படுத்துத் தூங்குச்சு, கண்ணக்கூடத் தெறக்கல. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு நானும் வாய மூடிட்டேன். அது அவளோட நாய், சொன்னா மனசு ஒடைஞ்சிருவான்னு.

— அடப்பாவிகளா. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்சீங்க. அப்ப இந்தக் கூண்டு, ஊசி, பதினாறு நாள் கணக்கு, இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொன்ன? தெரிஞ்சுக்கிட்டே ஏன் பொட்டியத் தெறக்க மாட்டேங்குற?

— நான் வாசிச்சு, கலோப் எந்திரிக்காம அப்பிடியே கெடந்துச்சுன்னா, ஸேலியா இந்த வீட்டுல இல்லங்குறது நெசமாயிருமே மதினி.