புருசனுக்கு ஓட்டுப் போட முடியாதவள்

வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயிலுக்கு நின்றபோது, பின்னால் ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

"எலெக்சன்ல நிக்கிறது அவ புருசன். அவளுக்கு ஓட்டு இல்ல."

"உங்கட மகளுக்கோ? ஏன்?" என்றார் கூட நின்ற சிநேகிதி.

"மருமகன் அமெரிக்காவுல ஆதிக்குடி, பிளாக்ஃபீட் ஆளு. அவங்க சபைக்கு ஒம்பது பேரைத் தெரிவு செய்வாங்க. அந்தக் குடியில பேர் பதிஞ்சவங்கதான் ஓட்டுப் போடலாம். பிள்ளைக்குப் பதிவு இருக்கு, இவளுக்கு இல்ல."

"வென்றா அவர் அதை மாத்தலாம்தானே?"

"அதுக்கும் அவங்க சனம் ஓட்டுப் போடணும். அப்படி மாத்தச் சொல்லி இவரு கேக்கவே மாட்டாராம். வெளியாளுங்க வந்துதான் எங்க நிலம் போச்சுன்னு சொல்லிட்டாரு. இவ அவரோட பேச்சை நிப்பாட்டிட்டா. நீயாவது அவர்கிட்ட கேளும்மான்னு என்கிட்ட அழுவுறா."

"கேட்டுப் பாருங்கோவன்."

அந்த அம்மா தண்டவாளப் பக்கம் எட்டிப் பார்த்தார். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து ரயில் வருவது தெரிந்தது.

"எங்கப்பா இங்க அட்டன் தேயிலைத் தோட்டத்துலயே பொறந்தவரு. இந்தியாவுல இருந்து வந்த வெளியாளுன்னு சொல்லித்தான் அரசாங்கத்துல அவர் ஓட்டைப் பறிச்சாங்க. மருமகன் சொல்றதும் அதே சொல்லுதான். ஆனா இவரு சொல்லும்போது நியாயமா இருக்கே. நான் என்னத்தக் கேக்க?"