வேனுக்கு விழுந்த அடி

செவிலிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: “வீட்டுக்காரரோட பேசி ஒரு வாரம் ஆச்சு. ஆனா காலையில ரெண்டு பேரும் சேர்ந்து வேனை அடிச்சோம்.”

“வேனை அடிச்சீங்களா?”

“பழைய வேன்மா. வாங்காதீங்கன்னேன், வாங்கினாரு. அதான் சண்டை. நாளைக்குப் பொண்ணுக்கு வளைகாப்பு, சோறெல்லாம் அதுலதான் தென்னேரியில அவ மாமியார் வீட்டுக்குப் போவணும். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேக்கற பால் ஜாயிண்ட் ஆடுது. மாத்தலாம்னா துருப்பிடிச்சு கழல மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சுத்தியால அடிச்சாதான் வருமாம். மெக்கானிக்கும் இவரும் அடிச்சிக்கினே இருந்தாங்க. ஒண்ணு முன்ன விழுது, ஒண்ணு பின்ன விழுது.”

“அப்புறம்?”

“நாங்க கோர்வைப் புடவை நெய்யறவங்க. கரையை உடலோட கோக்கறதுக்கு ரெண்டு பேரு கையும் ஒண்ணா ஓடணும். தறியில அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு, இருபது வருசமா. போய் மெக்கானிக் கையில இருந்த சுத்தியை வாங்கினேன். வாயே தொறக்கல. மூணாவது அடிக்கு டக்குனு கழண்டுச்சு.”

“இப்ப பேசிக்கிறீங்களா?”

“எங்க? புது ஜாயிண்ட் வாங்கத்தான் போறோம். அதோ நிக்கிறாரு பாரு.”

கம்பியைப் பிடித்து நின்றவர் கையில் துருப்பிடித்த ஜாயிண்ட் இருந்தது. அதையே பார்த்தபடி, “அந்தப் பக்கத்து சக்கரத்தோட ஜாயிண்டும் பழசுதான். அதையும் கழட்டிடலாமா?” என்றார்.

“யாரைக் கேக்குறாரோ” என்றார் அந்த அம்மா.

“உன்னத்தான்.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். “மொதல்ல சாப்பிடலாம். அப்புறம் அடிக்கலாம்.”