தேக்கென்று சொன்ன நாவும் தேய்த்துத் துடைத்த துணியும்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் திரு. நடராஜன் அவர்களே! துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வங்கிகளிலும் உழைத்து ஓய்வு பெற்று, இந்த மன்றத்துக்கு உழைப்பதில் மட்டும் ஓய்வு பெறாத பெரியோர்களே! லேக் கார்டன்ஸிலிருந்தும் டாக்குரியாவிலிருந்தும், கார்டன் ரீச்சிலிருந்தும்கூட, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை முடித்தும் முடிக்காமலும் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டால் வங்காள மொழியில் பதில் சொன்னாலும், தவறாமல் வந்து உட்காரும் இளையோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம் உரியதாகுக.

நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அங்கே தூங்குகிறவர்களை எழுப்பும் உரிமை எனக்கு உண்டு. இங்கே இல்லை. ஆகவே பயந்து பயந்துதான் பேசுகிறேன்.

இன்று இந்தப் பொதுக்குழுவின் முன் ஒரே ஒரு கேள்வி. நம் வாசகசாலையின் பழைய அலமாரிகளுக்கு மர நிறப் பூச்சு அடிக்கும் வேலையை ரஞ்சனாவுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? போன மாதம் செயற்குழு கொடுக்கலாம் என்றது. இந்த மாதம் ஒருவர் எழுந்து, "அந்தப் பொண்ணா? வத்சலா மாமி வீட்டுத் தேக்கைக் கெடுத்த பொண்ணாச்சே!" என்றார். அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்தவர்கள் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். கோப்பையில் என்ன இருந்தது? காபி இருந்தது. ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பு அதில் கரைந்துகொண்டிருந்தது.

ரஞ்சனாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த அலுவலகம் பெங்களூருக்கு இடம் மாறியது. படுக்கையில் கிடக்கும் அப்பாவை டாக்குரியாவில் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் வேலையை விட்டாள். பழைய மேஜை, நாற்காலி, சமையலறை அலமாரி இவற்றுக்குப் பூச்சு அடித்துப் புதுப்பிக்கும் வேலையைத் தானாகவே பழகிக்கொண்டாள். இப்போது அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

அது என்ன பூச்சு? நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. அருகில் நின்று பார்த்தேன். முதலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறாள். நம் வீட்டு அலமாரிகளில் படிந்திருக்கும் தாளிப்புப் புகை லேசில் போகுமா? பிறகு உப்புத்தாள். பிறகு ப்ரைமர். அதன்மேல் வெளிர் நிறம் ஒன்று. அது காய்ந்தபின் அடர் நிறம். அந்த அடர் நிறம் ஈரமாக இருக்கும்போதே, உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு! ரேகை வருகிறது, சுழி வருகிறது, முடிச்சு வருகிறது. வழவழவென்றிருந்த பலகை மரம்போல ஆகிறது. எல்லாவற்றுக்கும் மேலே காவலாக ஒரு தெளிந்த வார்னிஷ். அது இல்லாவிட்டால் கீழே செய்தது எதுவும் நிற்காது. இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் ஐயா ஒருவர் கேட்கிறார், "இதெல்லாம் ஏமாத்து வேலைதானே அம்மா?" என்று. நல்ல கேள்வி, ஐயா. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. சொல்கிறேன், சற்றுப் பொறுங்கள்.

வத்சலா மாமியும் குருமூர்த்தி மாமாவும் என் எதிர் வீடு. அவர்கள் மகன் சாய் கிருஷ்ணா ஒரு வங்காளிப் பெண்ணை விரும்பினான். பெயர் மதுவந்தி. தங்கமான பெண். அவள் அப்பா தீபக் பாபுவுக்கு மர வியாபாரம். அவர்கள் வீட்டுக்கு மாமி போய்விட்டு வந்தார். கட்டில் பர்மா தேக்கு. கதவு பர்மா தேக்கு. மாடிப்படியின் கைப்பிடிகூட பர்மா தேக்கு! க்வார்ட்டர்ஸ் க்வார்ட்டர்ஸாக மாறி, ஒவ்வொரு மாற்றலிலும் எதையாவது விற்றுவிட்டு வந்த குடும்பத்துக்கு அதைப் பார்த்து என்ன தோன்றும்? மாமி என்னிடம் சொன்னார்: "அவா ஆத்துல உட்காரவே கூச்சமா இருந்ததுடி."

ரஞ்சனாவைக் கூப்பிட்டார். சமையலறை அலமாரி முழுக்க வேலை நடந்தது. கடைசி வார்னிஷ் மட்டும் பாக்கி. அது போட வேண்டிய அன்றுதான் சம்பந்தி வீட்டார் வருவதாக ஏற்பாடு, மாலையில். வந்தது எப்போது? காலையில்! பக்கத்துப் பாலிகஞ்சில் ஏதோ வேலையாம், முடித்த கையோடு வந்துவிட்டார்கள். இந்த ஊரில் விருந்தாளி சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மணி அடித்தது. பலகாரம் செய்ய உதவிக்குப் போயிருந்த நான் கதவைத் திறந்தேன். பின்னால் மாமியின் குரல்: "அய்யய்யோ, வந்துட்டா! ரஞ்சனா, அந்த டப்பாவை ஒளிச்சு வை!"

"மாமி, மேல்பூச்சு இன்னும் போடலை. ஈரம் படாம பார்த்துக்கோங்கோ."

"ஈரமா? இங்கே யார் ஜலம் தெளிக்கப்போறா? நீ சித்த அந்தப் பக்கம் நில்லு."

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். புதுச் சாமான் ஒன்று வீட்டில் இருந்தால், மஞ்சள் குங்குமம் இடாமல் நம்மால் இருக்க முடியுமா? குளிர்பதனப் பெட்டிக்குப் பொட்டு வைப்போம். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பொட்டு வைப்போம். ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைப்போம்.

என்ன சொல்கிறீர்கள், அம்மா? உங்கள் வீட்டு ஏசிக்கும் உண்டா? இருக்கட்டும். ஏசிக்கு வைத்தால் பாதகமில்லை. கடையிலிருந்து காய்ந்துதான் வருகிறது.

மாமி விடியற்காலையிலேயே, ரஞ்சனா வருவதற்கு முன்பே, நல்ல நேரம் பார்த்து, அலமாரிக் கதவில் மஞ்சளைக் குழைத்துத் தாராளமாகப் பொட்டு வைத்துவிட்டார். ரஞ்சனாவுக்கு அது தெரியாது. பூஜைக்காக மாட்டியிருந்த மாலை அதை மறைத்திருந்தது.

தீபக் பாபு உட்கார்ந்தார். சமையலறை நேர் எதிரே. மாமிக்கு நா துடித்தது. "எல்லாம் பர்மா தேக்கு, தாதா," என்று வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னார். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். மர வியாபாரியிடம் மரத்தைப் பற்றிச் சொன்னால் உட்கார்ந்திருப்பாரா? எழுந்து வந்தார். மாலையை விலக்கினார். கீழே மஞ்சள் வழிந்திருந்தது.

"இது என்ன, தீதி?" என்றார், அவரும் அக்கா முறை வைத்து.

"ஒண்ணுமில்லை, சாஸ்திரத்துக்கு வெச்சது," என்று மாமி ஈரத்துணியை எடுத்து அழுந்தத் துடைத்தார்.

மஞ்சள் போயிற்று. மஞ்சளோடு ரேகை போயிற்று. ரேகையோடு முடிச்சு போயிற்று. பர்மா போயிற்று, தேக்கு போயிற்று! உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த அடிப்பூச்சு எல்லோரையும் பார்த்தது. குருமூர்த்தி மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

அப்போதுதான் மாமி அதைச் சொன்னார். வந்தவர்களுக்குப் புரியட்டும் என்று நல்ல வங்காள மொழியில் சொன்னார்: "நல்ல தேக்கு! இந்தப் பெண்தான் எதையோ பூசிக் கெடுத்துவிட்டாள்!"

அன்பர்களே, அந்த இடத்தில் ரஞ்சனாவை நிறுத்திப் பாருங்கள். வாய் திறந்தால் வயதில் மூத்த ஒரு பெண்மணிக்குச் சம்பந்தி முன்னால் தலைகுனிவு. வாய் மூடினால் தேக்கைக் கெடுத்தவள் என்ற பெயர், அவள் தொழிலுக்கே முற்றுப்புள்ளி. எதைக் காப்பாற்றுவாள்? மாமியின் மானத்தையா, அப்பாவின் மருந்தையா?

அவள் குரலை உயர்த்தவில்லை. சித்தப்பா முறை வைத்தே பேசினாள். "தேக்கு இல்லை, காகு. ப்ளைவுட். ரேகை நான் இழுத்தது. இன்னும் ஒரு பூச்சு பாக்கி. அது போட்டிருந்தால் தண்ணீர் பட்டாலும் போயிருக்காது," என்றாள்.

தீபக் பாபு மிச்சமிருந்த ரேகையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "முடிச்சை நன்றாகப் போட்டிருக்கிறாயே, மா," என்றார். பிறகு மாமியைப் பார்த்து, "தீதி, உங்கள் ஊர்க் காபி கிடைக்குமா?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. கல்யாணத் தேதியும் குறித்தாகிவிட்டது.

கை தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் முழுவதும் நன்றாக முடிந்துவிட்டதாக நினைத்துத் தட்டாதீர்கள். பிள்ளை வீட்டுக்கு நஷ்டமில்லை. பெண் வீட்டுக்கு நஷ்டமில்லை. பூச்சு அடித்தவளுக்குத்தான் நஷ்டம். மாமி சொன்ன சொல் சமையலறையிலிருந்து தொலைபேசிக்குப் போயிற்று. தொலைபேசியிலிருந்து கோயிலுக்குப் போயிற்று. கோயிலிலிருந்து நம் செயற்குழுவுக்கு வந்தது. ரஞ்சனா சொன்ன சொல்லோ அந்தச் சமையலறையைத் தாண்டவே இல்லை. ஏன்? அவளும் அதை வெளியே சொல்லிக்கொண்டு திரியவில்லை. வேலைக்கு வரச் சொன்ன வீடுகள் ஒவ்வொன்றாக, "இப்போ வேண்டாம்மா, பார்க்கலாம்," என்றன. அவள் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

சிலர் என்னிடம் சொன்னார்கள்: "உண்மையாகவே இருக்கட்டும். பெரியவர் முன்னால் சும்மா நின்றிருக்கக் கூடாதா?" கூடாது என்கிறேன். சும்மா நிற்பது சில வேளை மரியாதை. சில வேளை அது பொய்க்குப் போடும் கையெழுத்து. தன் கையால் செய்த வேலையைப் பற்றிக் கேட்கும்போது அவள் வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது? நானும்தான் அங்கே பலகாரத் தட்டோடு சும்மா நின்றேன்.

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். இது ஏமாற்று வேலையா? நாம் எல்லோருமே ஒரு பூச்சுதான், உலகமே ஒரு பூச்சுதான் என்று தத்துவம் பேச நான் வரவில்லை. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. ப்ளைவுட் ப்ளைவுட்தான். பூச்சு அதைத் தேக்காக்காது. கரையான் வந்தால் ரேகையைப் பார்த்துத் திரும்பிப் போகாது! ஆனால் அந்தப் பலகை எப்போதாவது தன்னைத் தேக்கு என்று சொன்னதா? பூசியவள் சொன்னாளா? பார்வைக்கு அழகு செய்வது வேறு. பார்ப்பவரிடம் பொய் சொல்வது வேறு. முன்னது கையின் வேலை. பின்னது நாவின் வேலை. நாவு செய்ததற்குக் கையைத் தண்டிக்கும் நீதி எந்த ஊர் நீதி?

இன்னொன்றும் யோசியுங்கள். நம் ப்ளைவுட் அலமாரிகளைத் தூக்கி எறிந்து புதிது வாங்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். இடைப்பலகைகள் உறுதியாக இருக்கின்றன, தட்டிப் பார்த்தேன். தோல்தான் உரிந்திருக்கிறது. தோல் உரிந்ததற்காக எதை எதை நாம் எறிவது?

இதையெல்லாம் மாமியின் முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "உங்க பேரை விட்டுட்டுச் சொல்றேன், மாமி," என்றேன்.

"விட்டா? பெங்காலி சம்பந்தி, மஞ்சள் பொட்டுன்னு நீ ஆரம்பிச்சாலே போறும், மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்க்கும். பேரோடவே சொல்லு."

"கோபமில்லையா மாமி?"

"இருக்கு. உன்மேல இல்லை."

இன்று வருவாரா என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில்.

என்ன மாமி? எழுந்துவிட்டீர்களே! ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள், யாராவது. வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள்.

கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. மாமி சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அது ப்ளைவுட்னு எனக்குத் தெரியும். வாங்கினதே நான்தான். அவ எதையும் கெடுக்கலை. நான்தான் துடைச்சேன். இப்போ எல்லாரும் கேட்டேளோல்லியோ, இனிமே மாத்திச் சொல்லாதீங்கோ." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமி, மேடையிலிருந்து உங்களை வணங்குகிறேன்.

அன்பர்களே, இனி நான் வாதாட ஒன்றுமில்லை. தலைவர் தீர்மானத்தை முன்வைக்கட்டும். வேலை ரஞ்சனாவுக்கு என்பவர்கள் கை உயர்த்துங்கள். யார் கேட்டாலும் அலமாரி ப்ளைவுட் என்றே சொல்வோம் என்பவர்கள் இன்னும் உயரமாக உயர்த்துங்கள்! கார்டன் ரீச் பகுதி முழுவதும் உயர்ந்துவிட்டது. முன்வரிசை ஐயா? உயர்ந்தது, உயர்ந்தது!

வாசலருகே நிற்கிற ரஞ்சனா, வேலையை எடுத்துக்கொள்கிறாயா?

கேட்டீர்களா? "எடுத்துக்கறேன். ஆனா அதுக்குள்ளே இருக்கிற புஸ்தகத்தையெல்லாம் யார் எடுத்து வைப்பா?" என்கிறாள். நியாயம்தானே? அவையோரே, உயர்த்திய கைகளை அப்படியே வைத்திருங்கள். அத்தனை கைகளும் வாசகசாலைக்கு வரட்டும். தலைவரும்தான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. புத்தகம் தூக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. வணக்கம்.