வலேரியன் பெயரால் ஒரு கோப்பை

எனக்குப் பாட வராது. ஆனாலும் எங்கள் ககேத்திப் பக்கத்தில் எந்த விருந்தானாலும் என்னைத்தான் தமதாவாக உட்கார வைப்பார்கள். யார் பெயரால் குடிக்க வேண்டும், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் தமதா சொல்வதுதான். அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை. வைத்தியத்திலும் என் பேச்சை ஊர் தட்டியதில்லை, ஐயா.

முர்மான் திராட்சைத் தோட்டக்காரன். முப்பத்து நாலு வயது, ஓயாத சிகரெட். ரத்தக்குழாய்கள் சுருங்கி இடது கால்விரல்கள் கறுத்துக்கொண்டு வந்தன. முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்பை ஃபீனால் ஊசி போட்டுக் கொன்றுவிட்டால் குழாய்கள் விரியும், கால் சூடாகும். அவனும் மனைவி சியாலாவும் இடது பக்கத்துக்கு மட்டும்தான் சம்மதித்தார்கள். நான் வலது பக்கத்திலும் போட்டேன். இரண்டு பக்கமும் செய்த நோயாளிகளில் என் மாநாட்டுக் கட்டுரைக்கு ஒருவன் குறைந்தான், அவ்வளவுதான். சொல்லவே வாய் கூசுகிறது.

கால் சூடானது. ஆனால் இரண்டு பக்கமும் நரம்பு செத்தால் ஆண்பிள்ளைக்கு விந்து வெளிவராமல் போகலாம்; முர்மானுக்கு அப்படித்தான் ஆனது. அவர்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, முர்மான் தனியாக வந்தான்.

"டாக்டரண்ணே, வலது காலு நல்லாத்தானே இருந்துச்சு? அங்க எதுக்கு ஊசி?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தாண்டா."

"என் நல்லதுக்கா? திங்கக்கிழமை திபிலிசி போறேன். அங்க இருக்கிற பெரிய டாக்டருங்ககிட்டயே கேட்டுக்கிறேன்."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. அவர்கள் பார்த்தால் நான் செய்தது வெளியே வந்துவிடும்.

அந்த நரம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் எழுந்து நிற்கும்போது கால் குழாய்களை இறுக்கி, ரத்தம் கீழே தேங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது செத்தவன் சட்டென்று எழுந்தால் தலைக்கு ரத்தம் போதாது. வார்டில் முர்மான் இரண்டு முறை மயங்கி விழுந்தான். மெதுவாக எழு, மதுவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியவனே நான்தான்.

ஞாயிறு மத்தியானம் முர்மானின் நண்பன் அன்சோர் வீட்டில் புது மதுச்சாடி திறந்தார்கள். நான் தமதா. முர்மான் வெறும் பழச்சாற்றை வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, புதுப்பொண்ணு மாதிரி உறிஞ்சிக்கிட்டு இருக்கே?" என்றான் அன்சோர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அவன் கோப்பையில் மதுவை ஊற்றச் சொன்னேன். வைத்தியனே சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்? நாலு கோப்பை குடித்தான்.

அடுத்த கோப்பை இறந்தவர்களுக்கு; அதை எழுந்து நின்றுதான் குடிப்போம். நான் அவனுடைய அப்பா வலேரியனின் பெயரைச் சொன்னேன். ஆண்கள் எல்லாரும் எழுந்தார்கள். முர்மான் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"தமதா, உத்தரவு குடுங்க. உக்காந்தே குடிச்சிக்கிறேன். தலை சுத்துது."

'சரி' என்று ஒரு வார்த்தை போதும். தமதா சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"பெத்த அப்பனுக்கு உக்காந்துக்கிட்டா குடிப்பே? எந்திரிடா," என்றேன்.

முகம் சிவந்து, விறுக்கென்று எழுந்தான். கொம்புக் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு வெளுத்துப்போய், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தான். கற்படி மண்டையில் அடித்தது.

குடிபோதையில் விழுந்து செத்தான் என்று இறப்புச் சான்றிதழில் எழுதினேன். "கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்ணே," என்று சியாலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையால் அன்றிலிருந்து ரொட்டி எடுத்துத் தின்ன முடியவில்லை.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள், ஐயா. மயங்கி விழுந்து திங்கட்கிழமை போகாமல் கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அன்சோர் அவனைப் புல்தரைப் பக்கம்தான் உட்கார வைத்திருந்தான். விருந்து தொடங்குமுன் நான்தான் கூப்பிட்டு, கற்படிக்கு முதுகைக் காட்டி, என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எம்மேல கோவம் இல்லையேண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.