தோளில் ஒளிந்திருந்த வலி

அவைக்கு அழகும் அமைதியும் தந்து அமர்ந்திருக்கும் தலைவர் ஆதிநாராயணன் அவர்களே! நோயாளி வாய் திறக்குமுன் முகத்தைப் படித்துவிடும் டாக்டர் பரசுராமன் அவர்களே! மருந்து கொடுப்பவர் பலர் உண்டு, வலியை விரலால் தேடிப் பிடிப்பவர் சிலரே உண்டு; அந்தச் சிலரில் ஒருவராய்க் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருக்கும் பிசியோதெரபி அம்மையார் ரத்னா அவர்களே! ஆலையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, வேர்வை காயுமுன் வந்து நிற்கும் தோழர்களே! நெற்கட்டு சுமந்த தோளோடும், மீன்கூடை சுமந்த தலையோடும் வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஆலையில் எந்திரம் பிரித்துப் பூட்டும் இந்த ஃபிட்டர் அருணகிரியின் பணிவான வணக்கம்!

இன்று இந்த மருத்துவமனையில் ஒரு சிகிச்சை அறையைத் திறந்தோம். உள்ளே என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு வெந்நீர்ப் பாத்திரம். "இதுக்கா இம்மாம் பெரிய விழா?" என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி! பதிலாக என் தங்கை பூவம்மாளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சொல்லச் சொன்னவளே அவள்தான். அதோ, முதல் பெஞ்சில் இருக்கிறாள்.

நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவர்கள். நான் ஆலைக்கு வந்துவிட்டேன்; அவள் அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். கணவர் சடையப்பன் வலை வீசுவார். அந்த மீனைத் தலையில் ஏற்றிப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோவாள் இவள். கூடை சாயாதிருக்க வலக்கையைத் தூக்கிப் பிடிப்பாள். ஒரு நாளா? ஒரு மாதமா? மணமான நாள் முதல்!

அந்தப் பூவம்மாளுக்கு வலக்கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி வந்தது. குடைந்தது. நெற்றிப்பொட்டில் இடித்தது. தாடையில் இறங்கியது. கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்தது. என்ன செய்யவில்லை நாங்கள்? பல்லால் வந்த வலி என்றார் ஒருவர். பல் போனது, வலி போகவில்லை. பார்வைக் கோளாறு என்றார் ஒருவர். கண்ணாடி வந்தது, வலி போகவில்லை. காற்று கருப்பு என்றார் ஒருவர். வேப்பிலை அடித்தோம், பேய் இருந்திருந்தால் ஓடியிருக்கும், வலி ஓடவில்லை!

சிரிக்கிறீர்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் சிவக்கவில்லை, முகம் வீங்கவில்லை; பார்ப்பவருக்குத் தெரியாத வலியை யார் நம்புவார்கள்? அவளுடைய ஓரகத்தி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "வேலை செய்ய ஒடம்பு வணங்கல. கண்ணு வலின்னு நடிச்சிக்கினு கீறா!"

ஒருநாள் சந்தையில் கூடை சரிந்தது. பிடிக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. இறால் அத்தனையும் புழுதியில். மறுநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, எனுக்குக் கண்ணு அவிஞ்சிடுமா? டாக்டராண்ட அத்த மட்டும் கேட்டுச் சொல்லு. அவிஞ்சிடும்னா இப்பவே சொல்லட்டும். புள்ளைங்க மொகத்த நல்லாப் பாத்து வச்சிக்கிறேன்."

தாய்மார்களே, இந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணன் எப்படி நிற்பான்? அழைத்து வந்தேன் இந்த மருத்துவமனைக்கு. டாக்டர் கண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "கண்ணிலே கோளாறு இல்லை. எனக்குத் தசை மேலேதான் சந்தேகம்" என்று ரத்னா அம்மையாரிடம் அனுப்பினார்.

அம்மையார் கண்ணைத் தொடவே இல்லை! "கூடையை எப்படிப் பிடிப்பீங்க? காட்டுங்கம்மா" என்றார். முடிந்த மட்டும் கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் விரல்கள் கழுத்திலிருந்து மெல்ல இறங்கின. கழுத்தும் தோளும் கூடும் மேட்டில் தயங்கின. தசைக்குள்ளே கயிறாய் விறைத்த ஓர் இழை. அந்த இழையில் துவரம்பருப்பு அளவில் ஒரு முடிச்சு. அழுத்தினார்.

அலறினாள் என் தங்கை! தோளைப் பிடித்துக்கொண்டா? இல்லை! கண்ணைப் பொத்திக்கொண்டு! "ஐயோ, அதே வலிம்மா! அதே எடம்! நீ இங்க அமுக்குற, அங்க எரியுது!"

தோழர்களே, விரல் இருப்பது தோளில்! வலி எழுவது கண்ணில்! ஆலையில் எத்தனை எந்திரத்தைப் பிரித்தவன் நான்; இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இந்த உடம்புக்குள் இத்தனை சூட்சுமமா? இந்தத் தோலுக்குக் கீழே இப்படியொரு ரகசியப் பாதையா? அந்தப் பாதையை அறிய விரல்களுக்குக் கண் இருக்கிறதா?

அம்மையார் சொன்னார்: "உங்க கண்ணு எங்கேயும் போகாதும்மா. இந்தத் தசை களைச்சு முடிச்சாயிருக்கு. இதோட வலிதான் கண்ணுலே தெரியுது. வலி நிஜம்."

"நிஜமா? அப்போ நான் நடிக்கலியே?" என்றாள் பூவம்மாள். கேட்டுவிட்டு அழுதாள் பாருங்கள். அது வலிக்காக அழுத அழுகை அல்ல.

அதோ, கடைசி வரிசையில் ஒருவர் "மந்திரமா?" என்கிறார். மந்திரமில்லை, அய்யா! முடிச்சு இளகும்வரை பொறுமையாய் அழுத்திப் பிடித்தார். கழுத்தைச் சாய்த்துத் தசையை நீட்டினார். வெந்நீர்த் துணி ஒத்தடம் வைத்தார். குறைந்த வலி திரும்ப வந்தது. மறுபடி வந்தோம், மறுபடி பிடித்தார். கூடையின் பாரத்தைக் குறை, கையை மாற்று, இடையில் இறக்கி வை என்றார். வாரங்கள் ஓடின.

ஒரு மாலை பேருந்தில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, ஊட்டுக்கு வா, எறா கொழம்பு வச்சிக் குடுக்கறேன்" என்று என்னைப் பார்த்தாள். சொன்னவளே திடுக்கிட்டாள். கழுத்து திரும்பியிருந்தது! வலியில்லாமல், தானாக, பேச்சுவாக்கில் திரும்பியிருந்தது! மறுபடி ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நடத்துனர் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். நாங்கள் இருவரும் குழந்தைகள்போலச் சிரித்தோம்.

தாய்மார்களே! தெரியாத வலி பொய் வலியா? வீங்காத வலி வீண் வலியா? எத்தனை பேர் இங்கே நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சோறு ஆக்குகிறீர்கள்? சொல்லுங்கள்! ஆண்களே, அவர்கள் சொன்னால் நம்புங்கள்! நம்பி அழைத்து வாருங்கள்!

யார் அது எழுந்திருப்பது? கன்னியம்மாவா? தோளைப் பிடித்துக்கொண்டு எங்கே கிளம்பினாய் அம்மா? அறைக்கா? போ தாயே, போ! நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்காதே. ரத்னா அம்மையாரும் மேடையை விட்டு இறங்கிவிட்டார், பாருங்கள்!

தோழர்களே, வழி விடுங்கள். இதற்கு மேல் என் பேச்சு எதற்கு? பொறுமையோடு கேட்ட பெரியோருக்கு நன்றி. புறப்பட்டுப் போகும் அந்தத் தாய்க்கு என் வணக்கம்!