குறுக்கெழுத்துப் பாடு

மடிப்புக் கலையாத பேப்பரை முதல் ஆளாகப் பிரிப்பதைப் போல ஒரு சுகம் கிடையாது, சார். எங்கள் குப்பத்துப் படிப்பகத்தின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில் உள்ள துப்பறியும் நாவல்களையெல்லாம் படித்து முடித்தாயிற்று. எல்லாவற்றிலும் குற்றவாளி கடைசி அத்தியாயம் வரை இழுத்தடிக்கிறான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

படிப்பகத்துக்கு ஒரே பேப்பர்தான், திருப்பாலைவனம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் வரும். அரசியல் பக்கத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்துவிட்டுச் சண்டையும் போடலாம். குறுக்கெழுத்துக் கட்டத்தை ஒருவர்தானே நிரப்ப முடியும்? அதற்கு அடிதடி ஆனதும் ஊர்ப் பெரியவர் பெரியசாமி ஒரு வழி சொன்னார். அவர் எனக்குச் சம்பந்தி. கடலோடு சேரும் எங்கள் ஏரியில் வலை போடும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்கி முறை வைப்போம், அதற்குப் பாடு என்று பெயர். கட்டத்துக்கும் அப்படியே பாடு வைத்தார்கள். தன் முறைக்கு வராதவனுக்கு அன்றைய பாடு போச்சு. என் பெயரையும் எழுதிப் போடச் சொன்னேன்.

"ஏரியிலயே பொம்பளைக்குப் பாடு கெடையாது. பேப்பர்ல மட்டும் இன்னாத்துக்கு?" என்றார்.

இத்தனைக்கும் என்னைக் கேட்காமல் சம்பந்தியால் ஒரு சொல்லை நிரப்ப முடியாது. நிரப்புவதும் பேனாவால். தப்பையும் பேனாவால்தான் எழுதுவார். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் சண்டை போடவில்லை. ரேடியோவில் மீனவர்களுக்கான வானிலையைக் கேட்டுக் கோயில் மைக்கில் சொல்வதும் என் வேலை. போனிலேயே வருகிறதே என்பீர்கள். போன் மழை என்றால் வெயில் கொளுத்தும். லோகநாயகி மைக்கில் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது சாமி வாக்கு. அன்றைய பாடு யாருடையதோ அவன் கடலுக்குப் போய்விட்டால் கட்டம் யாருக்கு? சாவி வைத்திருப்பவளுக்கு. அதனால் ரேடியோ காற்றைப் பற்றிக் கொஞ்சம் இழுத்துப் பேசினாலும், கடல் தெளிவு என்று சொல்ல ஆரம்பித்தேன். இதில் வஞ்சனை எங்கே வந்தது? ஆண்கள் தொழிலுக்குப் போனார்கள், வீடுகளில் அடுப்பு எரிந்தது, பெண்கள் என்னை வாழ்த்தினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாடு என் மருமகன் தீனாவுடையது. ஞாயிறு என்றால் பெரிய கட்டம், அரைப் பக்கத்துக்கு வரும். பலத்த காற்று வீசும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோவில் இரண்டு தடவை சொன்னார்கள். இப்போது செய்தி வாசிக்கிறவர்களில் அதை வாசித்த பெண்ணின் உச்சரிப்புதான் சுத்தம். முழுவதையும் கேட்டேன். பிறகு மைக்கைப் போட்டு, கடல் தெளிவு, போகலாம் என்றேன்.

தீனா மட்டும் வாசலில் வந்து நின்றான். "அத்தே, காத்து ஒரு மாதிரியா கீதே. ரேடியோல இன்னா சொன்னாங்க?"

"நீ தைரியமா போய்ட்டு வா நைனா," என்றேன்.

மதியத்துக்குள் காற்று எழுந்துவிட்டது. முகத்துவாரத்துக்கு வெளியே அப்பனும் மகனும் போன படகு கவிழ்ந்தது. தீனாவும் சம்பந்தியும் அதைப் பிடித்துக்கொண்டே சாயங்காலம் வரை மிதந்திருக்கிறார்கள். இருவரும் பிழைத்தது உங்களுக்கே தெரியும். தீனாவுக்குக் கைதான் உடைந்தது, அதுவும் வலது கை. எழுத முடியாது, பாவம். இனிக் கொஞ்ச நாளைக்கு அவன் முறையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் அதைவிடப் பெரிதாகப் பேசுவது இன்னொன்றை. படகு திரும்பவில்லை என்றதும் கரையில் பெண்களெல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். என் மகள் திவ்யா படிப்பகத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, அவரக் காணோம்மா, வெளிய வாம்மா," என்று கதறினாள். எனக்கோ இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் யோசனை ஓடும்? அவளைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். மருமகன் பத்திரமாக வந்து சேருவான் என்ற நம்பிக்கை இல்லாதவள் அப்படிச் சாத்துவாளா, நீங்களே சொல்லுங்கள்.