பச்சையாய் ஊர்ந்த ஒன்று

— தள்ளுங்க, தள்ளுங்க! மறுபடி பாக்கணும். ஐயோ, நகருது! பச்சையா நகருதுங்க!

— மைக்ராஸ்கோப்பை ஆட்டாதே. இப்பதான் சரி பண்ணி வெச்சேன்.

— பெரிய மெக்கானிக்! பொண்டாட்டி வாழ்க்கையே இந்தத் தட்டுல நகருது, இவருக்கு ஸ்க்ரூ கவலை. என்ன நகருதுன்னாவது தெரியுமா?

— தெரியும்.

— எங்க, சொல்லுங்க பாப்போம்.

— கடற்பஞ்சு. பாக்கப் பஞ்சு, ஆனா மிருகம். துணியில வெச்சுப் பிழிஞ்சா செல்லெல்லாம் தனித்தனியா வந்துடும். இரை பிடிச்சுத் திங்கறது ஒரு வகை. ஊர்ந்து போறது இன்னொரு வகை. திங்கற வகைக்கு மட்டும் நீ பச்சைச் சாயம் போட்டே.

— ம், மேல!

— ஊர்றதுல ஒண்ணு பச்சையாத் தெரிஞ்சா, தின்னுட்டு இருந்தது வேலையை மாத்திக்கிச்சுன்னு அர்த்தம்.

— அடேயப்பா! முழுசா மனப்பாடம்!

— ஆறு மாசமா சோத்துக்கு இதைத்தானே தொட்டுக்கறோம்.

— இன்னிக்கும் தொட்டுக்கோங்க. மிருகமே இல்லாத காலத்துல ஒத்தை செல்லுதான் எல்லாம். கொஞ்ச நேரம் நீந்தும், கொஞ்ச நேரம் திங்கும், கொஞ்ச நேரம் ஊரும். கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க இருந்த மாதிரி. அப்புறம் கூட்டுக்குடும்பம் ஆச்சு, ஆளுக்கு ஒரு வேலை.

— நம்ம வீட்டுல சமையலும் நான், துணியும் நான்.

— சாப்பிடறது யாரு? உடுத்தறது யாரு? வேலைப் பிரிவினைங்க அது!

— சரி.

— அந்தப் பழைய புத்தி, முறைவெச்சு வேலை பாக்கற புத்தி, இதுக்குள்ள இன்னும் மிச்சம் இருக்குன்னு சொன்னேன். யாரு நம்பினா? எங்க கைடு சார் என்ன சொன்னார்? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு பச்சை காட்டு, இல்லேன்னா ஆராய்ச்சியை மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போன்னார். ஒண்ணு கேட்டாருங்க, இங்க ஒரு கூட்டமே போகுது! மணி என்ன?

— நாலரை.

— போனைக் குடுங்க.

— கொஞ்சம் பொறு. ஊர்றது பச்சையை முழுங்கியிருந்தா? அதுவும் நடக்கும்னு நீதானே சொன்னே.

— முழுங்கினா வயித்துல பொட்டு மாதிரிதான் தெரியும். இது உடம்பு பூரா பச்சை! வாங்க, ஒரு சுத்து ஆடுவோம்.

— கண்ணாடிச் சாமான் இருக்கு.

— உடையட்டும்! மூணு வாரமா அழுத கண்ணு, இப்பவும் தண்ணி கொட்டுது பாருங்க, சிரிச்சு சிரிச்சு. ஏன் என்னையே பாக்கறீங்க? லென்ஸ்ல பாருங்க.

— இப்படியே இன்னும் அஞ்சு நிமிஷம் இரு.

— சார் கிளம்பிடுவாருங்க. ரிங் போகுது... ஹலோ, சார்! பச்சை சார், பச்சை! ஆமா, நிறைய! உடனே வாங்க! ...வராருங்க! படியேற ஆரம்பிச்சுட்டாராம்! ஏன், உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?

— மத்தியானம் நீ மேஜையிலயே அழுதுட்டுத் தூங்கினப்ப, அந்தத் தட்டுல ரெண்டு சொட்டுச் சாயம் விட்டது நான்.